வேன் ஆன்டிக்கு நான் சொன்ன காரணங்கள்

மாத்திரைப் புட்டியின் மூடியை அரைச்சுற்றுத் தளர்த்திவிட்டுத்தான் வேன் ஆன்டியிடம் கொடுப்பேன். அவருடைய விரல் கணுக்கள் வீங்கி, விரல்கள் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். கிள்ளானில் நான் ஆரம்பப் பள்ளிக்குப் போன ஆறு ஆண்டுகளும் அவர் ஓட்டிய வேனில்தான் போனேன். அப்போது அந்தக் கைகள் நேராக இருந்தன. பிற்பாடு நான் மருந்தாளராகி பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்ததும், கிள்ளானில் எத்தனையோ கடைகள் இருக்க, மாதம் ஒருமுறை ரயிலேறி என்னிடம் வருவார். “நம்ம வேன்ல வந்த புள்ள” என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்லிக்கொள்வார்.

அவருக்கு முடக்குவாதம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். மருத்துவமனையில் அதற்கு மருந்து கொடுத்தார்கள். வலி கூடும் மாதங்களில் ஸ்டீராய்டும் உண்டு. அதற்கும் அடங்காத நாட்களுக்கு என்னிடம் வலி மாத்திரை வாங்குவார். பதினைந்து வருடங்களாக அந்தக் கைகளோடுதான் அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போனார்.

ஒரு சீனப் பெருநாள் விடுமுறைக்குப் பிறகு வந்தவர், சாப்பிட்டால் மேல்வயிறு இழுத்துப் பிடிக்கிறது என்றார். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும் என்று சொல்லி, அதற்கு மருந்து கொடுத்தேன். அடுத்த மாதம் முதுகு வலித்தது. நாளெல்லாம் வேன் இருக்கையில் உட்கார்ந்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்றேன். அதற்கடுத்த மாதம் கிளினிக்கில் சர்க்கரை இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள் என்று கவலையோடு வந்தார். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்று விளக்கினேன். அவருடைய சட்டை தொளதொளவென்று தொங்கியது. “நல்லதுதான் லா, டாக்டரு எப்பவும் எடைய கொறைக்கத்தானே சொல்றாரு” என்று அவரே சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் சொன்ன எதுவும் பொய்யில்லை. இன்றும் ஒரு மாணவி கேட்டால் அதே விளக்கங்களைத்தான் சொல்வேன். நாலையும் சேர்த்து ஒரே உடம்பில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் காலை, உடம்பெல்லாம் அரிப்பு என்று களிம்பு கேட்டு வந்தார். கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்து வந்து வெயிலில் நிறுத்தினேன். கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, வாடகைக் காரில் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். கணையத்தில் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவிவிட்டது, அறுவைக்கு இடமில்லை என்றார்கள்.

இத்தனை வருட மூட்டு நோய்தான் இதற்குக் காரணமா என்று ஆன்டியின் மகள் நிபுணரிடம் கேட்டாள். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். எதிர்ப்புச் சக்தி தடம்மாறும் நோய்கள் சிலவற்றில் இந்த ஆபத்து கொஞ்சம் கூடலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சிலவற்றில் இன்னும் தெளிவில்லை. இவருக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்.

வெளியே வந்ததும் ஆன்டி என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு மா. இந்த மூட்டு நோவுதான் அங்க போயி இப்படி ஆயிடுச்சா?”

அதற்குள் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். “தெரியல ஆன்டி” என்றேன். தயங்கித் தயங்கி, “நான் அப்பவே ஒங்கள ஸ்கேன் எடுக்க அனுப்பியிருக்கணும்” என்றும் சொன்னேன்.

“நீ என்னா பண்ணுவ. நீ சொன்னது எல்லாமே சரியாத்தானே இருந்துச்சு.”

அவர் என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவர் இறந்துபோனார்.

போன மாதம் மகள் கடைக்கு வந்தாள். ஷா ஆலமில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லையாம். ரத்தப் பரிசோதனையில் அம்மாவின் அதே முடக்குவாதம் என்று உறுதியாகிவிட்டது. மருந்துச் சீட்டை நீட்டியவள், கையை எடுக்காமல் கேட்டாள். “அம்மாவுக்கு வந்த மத்தது எனக்கும் வருமா க்கா?”

இந்த மூட்டு நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது வருவதே இல்லை என்றேன். அது உண்மை. வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை எதுவும் இல்லை. அதுவும் உண்மை, அதையும் சொன்னேன். அவள் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றாள்.

“வயித்துவலி முதுகுக்குப் போனாலோ, புதுசா சுகர் வந்தாலோ, எடை தானா கொறஞ்சாலோ இங்க வராத. நேரா டாக்டர்கிட்ட போ. நான் ஏதாச்சும் காரணம் சொன்னாலும் கேக்காத.”

தலையாட்டினாள். பிறகு மெல்ல, “மூணு கிலோ கொறஞ்சிருக்கு க்கா” என்றாள். “அம்மா போனதுலேருந்து ஒழுங்கா சாப்பிடறதில்ல. அதனாலதான் இருக்கும்.”

அதனால்தான் இருக்கும். அப்படியே சொல்லி அவளை அனுப்பியிருக்கலாம். நான் ஒரு தாளை எடுத்து டாக்டருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். என் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் முகம் வெளிறிப்போனது. பயப்படாதே என்று சொல்லாமல், அந்த மூன்று கிலோவையும் சேர்த்து எழுதினேன்.