அதிரசமும் அணைக்காத போனும்

பாதாம் பிசினைச் சிறிதளவுதான் ஊறப்போட வேண்டும் என்று அந்த வீடியோவில் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். நான் பொட்டலத்தை அப்படியே தண்ணீரில் கொட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் அது பாத்திரத்தை விட்டு வழிந்து, மேடையில் பரவி, அரிசி டப்பா வரைக்கும் போயிருந்தது.

என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஜிகர்தண்டா போடுறேன்னுதானே சொன்னீங்க? வைகையில வெள்ளம் வந்த மாதிரியில்ல இருக்கு. இம்புட்டையும் யாரு குடிக்கிறது? அழகரு ஆத்துல எறங்குறப்பக் கொண்டுபோய் ஊத்துறதா?"

கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். பிள்ளைகள் வெளியூர்களில். சில ஆண்டுகளுக்கு முன் மகள் வாங்கிக்கொடுத்த போனில் சமையல் வீடியோக்களும் கைவேலை வீடியோக்களும் பார்க்க ஆரம்பித்து, பார்த்ததையெல்லாம் வீட்டில் செய்துபார்க்கும் பைத்தியம் எனக்குப் பிடித்துக்கொண்டது. சிம்மக்கல்லில் ஒயர் வாங்கிவந்து கூடை பின்னினேன். சிவன் கண் முடிச்சு பாதி வரை ஒழுங்காக வந்தது. முடிக்கும்போது கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. "வாதம் வந்த கூடை" என்று அவள் அதற்குப் பேர் வைத்தாள். ஆனால் வெங்காயம் போட்டு வைத்தது அதில்தான்.

எங்கள் திருமண வாழ்க்கையில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த நாட்களில்தான். அதற்கு முன் அடுப்படி அவளுடையது, முன்னறை என்னுடையது. இப்போது நான் ஸ்டூலைப் போட்டு அடுப்படியில் உட்கார்ந்து, போனைப் பார்த்து வாசிப்பேன். அவள் கேலி செய்துகொண்டே செய்வாள். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் நான் இழந்தது எது என்று அப்போதுதான் புரியும்.

ஒரு நாள் வீடியோ பார்த்து அதிரசம் சுட்டேன். கடையில் விற்கும் காய்ந்த அரிசிமாவே போதும் என்று அதில் சொன்னார்கள். எண்ணெயில் போட்டதும் ஒவ்வொன்றும் பிரிந்து தூளாகி அடியில் தங்கிவிட்டது. அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"இவுகளுக்கெல்லாம் அதிரசம்னா என்னன்னே தெரியலையே. அரிசியை ஊறவச்சு, நெழல்ல உலர்த்தி, கையில ஒட்டுற ஈரத்தோட இடிக்கணும். காஞ்ச மாவுல பாகை ஊத்துனா எப்பிடி நிக்கும்?"

"அப்போ நீ செஞ்சு காட்டு. நான் எடுத்துப் போடுறேன். நாலு பேர் சரியாகக் கத்துக்கட்டும்."

"போங்க, இந்த வயசுல."

இரண்டு நாள் கெஞ்சியதில் சம்மதித்தாள். கை மட்டும்தான் தெரிய வேண்டும், பதம் சொல்வதைத் தவிர வேறு பேச்சு இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டாள். போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்துவைத்தேன். வெல்லப் பாகு கொதிக்கத் தொடங்கியது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் கூட்டிப் பார்த்தாள். "இன்னும் கரையுது. உருட்டுனா உருளணும். செத்த நேரம் ஆகும்" என்றாள். கரண்டியால் கிளறிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதை அணைச்சாச்சா?"

"ஆச்சு, ஆச்சு" என்றேன்.

போனை அணைக்கவில்லை. எழுந்து போய் அணைக்கச் சோம்பல். பாகு எந்த நேரமும் பதத்துக்கு வந்துவிடலாம். வேண்டாததைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இவ்வளவுதான் என் முதல் பொய்.

அவள் பேச ஆரம்பித்தாள். எங்கள் மகளின் காதுகுத்தைப் பற்றிய பேச்சு. அழகர்கோவிலில் வைத்து நடந்தது. எங்கள் பக்கம் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். அவர் மேளதாளத்தோடு சீர்த்தட்டுகளைக் கொண்டுவர வேண்டும். தட்டில் என்ன இருக்கிறது என்று எல்லாக் கண்களும் பார்க்கும். என் மனைவியின் அண்ணன் அன்று கொண்டுவந்த சீரை எங்கள் சொந்தக்காரர்கள் இன்று வரை சொல்வார்கள். கம்மல், பட்டுப்பாவாடை, பித்தளைப் பானைகள், கிடாய், தட்டுத் தட்டாக அதிரசம்.

"அந்த வருசம் அண்ணன் கெணறு வத்திப்போச்சு, தெரியுமா ஒங்களுக்கு? காதுகுத்துக்கு முந்துன வாரம் பின்வாசல் வழியா வந்துச்சு. 'எனக்கு மேலுக்குச் சொகமில்லைன்னு சொல்லிருத்தா, நான் வரல'ன்னு அழுகுது. தாய்மாமன் வராம என்ன காதுகுத்து? என் ரெண்டு வளையலையும் கழட்டிக் கையில குடுத்தேன். நெளிஞ்சுபோச்சு, மாத்தப் போட்டிருக்கேன்னு ஒங்ககிட்டச் சொன்னேன். இன்னைக்கி வரைக்கும் அது என்ன ஆச்சுன்னு கேட்டீங்களா? அம்புட்டுச் சீரும் அந்த வளையல்தான். அண்ணே தலையக் குனிஞ்சுக்கிட்டே தட்டத் தூக்கிட்டு வந்துச்சு, பாவம்."

ஒரு நிமிடம் கரண்டி நின்றது. பிறகு தொடர்ந்தாள்.

"ஆனா ஒங்க மூஞ்சியப் பாக்கணுமே! ஒங்க சித்தப்பாவைக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, 'பாத்தீங்களா என் மச்சினன் சீரை, இவன் மாதிரி எவன் செய்வான்'னு. நம்ம வீட்டு வளையலு நமக்கே சீரா வந்திருக்கு, அதைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு வாத்தியாரு!"

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பாகு பதத்துக்கு வந்தது.

அன்று இரவு பதிவைப் போட்டுப் பார்த்தேன். வெட்ட நினைத்த பகுதிதான் மற்ற எல்லாவற்றையும் விட நன்றாக இருந்தது. கொதிக்கும் பாகும், கிளறும் கையும், அந்தக் குரலும். பேர் எதுவும் சொல்லவில்லையே, முகம் தெரியவில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படியே போடத் தீர்மானித்தேன். ஆனால் ஒன்றை மட்டும் வெட்டினேன். "ஆனா ஒங்க மூஞ்சிய" என்பதில் தொடங்கி "வாத்தியாரு" வரை. என் பழைய மாணவர்கள் பார்ப்பார்கள் என்று கூச்சம். சிரிப்பை விட்டுவைத்தேன், அழகான சிரிப்பு என்று. ஒரு கல்வெட்டில் ஒரு வரி சிதைந்தாலும் பொருள் திரிந்துவிடும் என்று காலமெல்லாம் வகுப்பில் சொன்னவன் நான். "தலையக் குனிஞ்சுக்கிட்டே தட்டத் தூக்கிட்டு வந்துச்சு, பாவம்" என்ற சொற்களோடு அந்தச் சிரிப்பு போய் ஒட்டிக்கொண்டது என் காதில் விழவே இல்லை. போனில் இடம் போதவில்லை என்று முழுப் பதிவை அன்றே அழித்தும்விட்டேன். வீடியோவுக்கு 'தாய்மாமன் சீர் அதிரசம்' என்று தலைப்பு வைத்தேன்.

முன்பின் தெரியாதவர்களெல்லாம் பாராட்டி எழுதினார்கள். அம்மா குரல் கேட்டது போல இருக்கிறது என்றார்கள். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவளிடம், "உன் அதிரசத்தை நிறையப் பேர் பார்க்கிறார்கள்" என்று மட்டும் சொன்னேன். அவள் வீடியோவைப் பார்க்க ஆசைப்படவில்லை. தன் கையை என்னத்தப் பார்ப்பது என்றாள்.

அவளுடைய மதினி, அண்ணன் மனைவி, போன் செய்தபோது நான் முன்னறையில் இருந்தேன். அடுப்படியிலிருந்து, "என்ன மதினி சொல்றீங்க, நான் எப்ப மதினி சொன்னேன்" என்று கேட்டது. அவள் வந்து என் நாற்காலிக்கு எதிரே நின்றாள்.

"அணைச்சாச்சான்னு கேட்டேன்ல?"

நான் போனைக் கையில் எடுத்தேன்.

"கேட்டேன்ல? ஆச்சுன்னு சொன்னீங்கல்ல?"

உடனே வீடியோவை நீக்கினேன். அவள் அதைக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அண்ணனின் மருமகள் அவள் குரலை அடையாளம் கண்டு, போனில் போட்டுக் காட்ட, அவர் கேட்டிருக்கிறார். ஊர் டீக்கடையில் ஒருவன், "என்னண்ணே, தங்கச்சி வளையலை வித்துத் தங்கச்சிக்கே சீர் செஞ்சீகளாமே" என்று கேட்டிருக்கிறான். பக்கத்து ஊர்களில்கூடக் காதுகுத்து என்றால் அவரை முன்னால் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். இப்போது அவர் வீட்டை விட்டு வெளியே வருவதில்லையாம்.

வாடிப்பட்டிப் பக்கம் அவருடைய ஊர். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போனேன். "வாங்க மாப்ள" என்று நாற்காலியைத் தட்டிப் போட்டார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். மகளைப் பற்றி விசாரித்தார். ஒரு கோபச் சொல் இல்லை. அதைவிட அதிகமாக என்னை அவர் வேறெப்படியும் அவமானப்படுத்தியிருக்க முடியாது.

"மச்சான், தப்பு என்னோடது. போன் ஓடுதுன்னு அவளுக்குத் தெரியாது. அணைச்சிட்டேன்னு பொய் சொன்னேன். அவ மேல வருத்தப்படாதீங்க."

அவர் துண்டை எடுத்து மடியில் மடித்து வைத்துக்கொண்டார்.

"வளையல் வாங்குனது ஊருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்கு வருத்தமில்ல மாப்ள. வாங்குனேன், உண்மைதானே. அவ சிரிக்கிறா பாருங்க. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்தேன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறா."

"அவளுக்குத் தெரியாது மச்சான், பதிவாகுதுன்னு."

"தெரியாமத்தானே சிரிச்சிருக்கா. தெரிஞ்சு சிரிச்சிருந்தா, சரி, நாலு பேருக்காகச் சிரிக்கிறான்னு விட்டிருப்பேன். இம்புட்டு வருசமும் உள்ளுக்குள்ள இப்பிடித்தான் சிரிச்சிருக்கான்னு இப்பத்தானே தெரியுது."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் சிரித்தது உங்களைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. அந்தப் பேச்சை வெட்டியது நான் என்று. வாய் வரை வந்தது. அவருடைய மருமகள் கதவு நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என் அற்பத்தனம் அவள் காதில் விழ வேண்டாம் என்று பட்டது. மற்றவர் மானத்தைக் காற்றில் விட்டவனுக்குத் தன் மானம் அப்போதும் பெரிதாகத்தான் இருந்தது. இளநீரைக் குடித்துவிட்டு எழுந்துவந்தேன்.

வீட்டில் அவள் வாசலிலேயே நின்றாள். "அண்ணே என்ன சொல்லுச்சு?"

"கோபமெல்லாம் இல்ல. பொங்கலுக்கு வாரேன்னு சொன்னாக."

இது இரண்டாவது பொய்.

பொங்கலுக்கு முதல் நாள் தங்கை வீட்டுக்குச் சீர் கொண்டுவருவதை அவர் ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. கரும்பும் மஞ்சள் கொத்தும் வாழைத்தாருமாக ஆட்டோவில் வந்து இறங்கி, தெருமுனையிலிருந்தே, "இந்தாத்தா" என்று குரல் கொடுப்பார். அவள் அவருக்குப் பிடித்த எலும்புக் குழம்பு வைத்து, இலை நறுக்கிக் கழுவிவைத்துக் காத்திருந்தாள். வந்தது அவருடைய மூத்த மகன். வண்டியின் பின்னால் கரும்பைக் கட்டியிருந்தான்.

"அப்பாவுக்கு முட்டி வலி அத்தை. குடுத்துட்டு வரச் சொன்னாக."

"உக்காருடா, சாப்புட்டுப் போ."

"இல்லத்தை, சோலி கெடக்கு. போறேன்."

அவன் போனபின் கரும்பை எடுத்துச் சுவரில் சாத்தக்கூடச் செய்யாமல், அது கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "வாரேன்னு சொல்லுச்சுன்னீங்களே" என்று கேட்டாள்.

இனியும் மறைக்க என்னால் முடியவில்லை. அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அட கிறுக்கு அண்ணே. நான் அண்ணனையா சிரிச்சேன், ஒங்களையில்ல சிரிச்சேன்! முழுசாக் கேட்டாத் தெரிஞ்சிருக்குமே. சரியாக் கேக்கலையா அது?"

"முழுசாக் கேட்க அதில் இல்லை. நீ என்னைச் சொன்னதை வெட்டிட்டேன்."

"எதை?"

"சித்தப்பா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்து சீரைக் காட்டினதை. வாத்தியார்னு சொன்னதை. சிரிப்பை மட்டும் விட்டுட்டேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதிக்காட்டும் திறமை எனக்கு இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒங்களுக்கு வலிக்கக் கூடாது, எங்க அண்ணனுக்கு வலிக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னாள். கேள்வியாகச் சொல்லவில்லை.

குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றி மூடினாள். சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"ஆரப்பாளையத்துக்கு ஒரு ஆட்டோ பிடிச்சு விடுங்க."

"நானும் வாரேன்."

"வேணாம். நீங்க இருந்தா அது வாய் தெறக்காது. நானும் தெறக்க மாட்டேன்."

அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பானை வைக்கவில்லை. மாட்டுப் பொங்கல் கழிந்துதான் திரும்பிவந்தாள். என்ன பேசினீர்கள், அவர் நம்பினாரா என்று கேட்டேன். "அது எங்களுக்குள்ள" என்றாள்.

அடுத்த வருடம் அவர் வந்தார். "வாங்க மச்சான்" என்றேன். "நல்லாருக்கீகளா மாப்ள" என்று கேட்டுவிட்டு நேரே அடுப்படிக்குப் போய்விட்டார். உள்ளே அவர்கள் இருவரும் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் உள்ளே போனேன். பேச்சு நின்றது. அவள் ஒரு டம்ளரை நிரப்பி என் கையில் கொடுத்தாள். நான் குடித்து முடித்து வெளியே வரும் வரை இருவரும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.