ஒரு விசிலுக்கு நிற்பவர்

சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதும் அவர் வாய் சும்மா இருப்பதில்லை. “உள்ள தள்ளிப் போங்க, நடுவுல எடம் இருக்கு பாருங்க” என்று, தட்டும் கையுமாக நிற்கிற பிள்ளைகளை நகர்த்திக்கொண்டே வருகிறார். ராணுவப் பயிற்சி முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில் ஏறிக்கொள்ளப் படிக்கட்டும் இல்லை, தள்ளிப் போக நடுவும் இல்லை. இருந்தாலும் அவர் சொன்னால் வரிசை நகர்கிறது.

நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இவர் முகாமுக்கு வரும்வரை பேருந்து நடத்துநர். பாதித் தலைக்கு ஏறிவிட்ட வழுக்கை, சொன்ன பேச்சு கேட்காத தொப்பை, எந்தக் குலுக்கலிலும் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிற கால்கள். வாலிபத்தில் ராணுவத்துக்குப் போகத் துடித்தவர்தான். அப்பா படுத்த படுக்கையானதும் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு விசிலை மாட்டிக்கொண்டார். ராணுவம் வயது வரம்பைத் தளர்த்திய செய்தியை அவருக்குப் படித்துக் காட்டியதே மனைவிதான். “போகலன்னா ஆயுசுக்கும் இதையே சொல்லி என் உயிரை வாங்குவீங்க. போயிட்டு வாங்க” என்று பெட்டியையும் அவரே அடுக்கிக் கொடுத்தார்.

சேர்ந்துவிட்டார், சரி. பயிற்சியின் கடைசி ஓட்டத்தில் குறித்த நேரத்துக்குள் வந்து சேராதவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். சின்னப் பையன்களுக்கு அடுத்த முறை என்று ஒன்று உண்டு. இவருக்கு அதற்குள் வயது தாண்டிவிடும்.

கூட இருப்பவர்களுக்கு அவர் சித்தப்பா. இளவயதுப் பயிற்சி அதிகாரிக்கோ தீராத தலைவலி. மற்றவர்களிடம் “ஓடுடா” என்று பாய்கிற அந்த நாக்கு, இவரைப் பார்த்ததும் “ஓடு…ங்க” என்று வழுக்கிவிடுகிறது. அந்தக் கோபத்தையும் மற்றவர்கள் தலையில்தான் இறக்குவார்.

அதைவிடப் பெரிய வம்பு விசில். பேருந்தில் ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. மைதானத்தில் எல்லாம் தலைகீழ். முதல் நாள் அதிகாரி ஒரு விசில் கொடுக்க, எல்லோரும் பாய்ந்து ஓட, சித்தப்பா மட்டும் நட்டுவைத்த கம்பம் போல நின்றார். இரண்டு விசில் கொடுத்து எல்லோரும் நின்றபோது அவர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார். கூப்பிட்டு விசாரித்ததற்கு, “காது நல்லாத்தான் கேக்குது சார். காலுதான் இன்னும் டிப்போவுலயே நிக்குது” என்றார். அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை மைதானமே பார்த்தது. அன்றிலிருந்து பிள்ளைகள் மாலைதோறும் வாயால் விசிலடித்து அந்தக் கால்களை வழிக்குக் கொண்டுவந்தார்கள்.

கடைசி ஓட்டம் நேற்று முடிந்தது. இன்று வீட்டார் வந்து பார்க்கலாம். தோற்றவர்கள் அவர்களோடு கிளம்பியும் விடலாம். கம்பிவேலிக்கு வெளியே மனைவி நிற்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்திருக்கிறார். உள்ளே வென்றவர், தோற்றவர் எல்லோரும் ஒரே வரிசையில் விறைத்து நிற்கிறார்கள். அதிகாரி கலையச் சொல்லும்வரை மூச்சு விடக் கூடாது. மனைவிக்கோ பொறுக்கவில்லை. புருவத்தை உயர்த்தி, என்ன ஆச்சு என்று கேட்கிறார். ஓயாமல் பேசியே பழகிய மனிதர் இமைகூட அசைக்காமல் நேரே பார்க்கிறார். அவராலும்தான் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? கால்சட்டைத் தையலோடு ஒட்டி இறுகியிருந்த வலது கையில், கட்டைவிரல் மட்டும் மெல்ல எழுகிறது.