தோற்பதற்கென்று ஒரு பூச்சி

மத்தியான டீ இன்னும் மேசைக்கு வரவில்லை. யுவராணியின் திரையில் அடுத்த எதிராளியின் பெயர் வந்து நின்றது: ஆவடிப்புலி. ஊரில் எத்தனையோ ஆவடிப்புலிகள் இருக்கலாம். ஆனால் கூலிங் கிளாஸ் போட்ட புலியின் படத்தைத் தன் முகமாக வைத்துக்கொண்டிருக்கும் ஆவடிப்புலி ஒன்றே ஒன்றுதான். அது இந்நேரம் ஆவடி கோவில்பதாகையில், அவள் வீட்டில், ஃபேனுக்கு நேர் கீழே கால்மேல் கால் போட்டுப் படுத்திருக்கும். அவள் புருஷன் திருமுருகன்.

அவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது யாரென்று அவனுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் கம்பெனியில் அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய பட்டறை ஒன்றை இடித்து எழுப்பிய கண்ணாடிக் கட்டடம் அது. இரண்டாவது மாடியில் 'பூதக்களம்' என்ற செல்போன் விளையாட்டை நடத்தும் கம்பெனி. ஆளுக்கொரு பூதத்தை வளர்த்து, முகம் தெரியாத எவனோடோ மோதவிட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அங்கே யுவராணிக்கு என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பீர்கள். தோற்பதுதான் வேலை. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் சாயங்காலம் மூடும் வரைக்கும் ஒவ்வொருவரிடமாகத் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவன் ஆரம்பத்திலேயே அடி வாங்கினால் விளையாட்டை அழித்துவிட்டுப் போய்விடுவான். கம்ப்யூட்டரையே எதிராளியாக விட்டால் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவான். அதனால் மனுஷர்கள் தேவைப்பட்டார்கள். யோசிப்பது மாதிரி தயங்கி, ஜெயிப்பது மாதிரி நெருங்கி, கடைசியில் கோட்டைவிடத் தெரிந்த மனுஷர்கள். அப்படி ஒரு வரிசையே அங்கே உட்கார்ந்திருந்தது. நெருங்கி வந்து தோற்பதில் யுவராணி பலே கெட்டிக்காரி. அவளிடம் ஜெயித்தவன் எவனும் அதைச் சும்மா கிடைத்தது என்று நினைத்ததில்லை.

பூதங்களில் நெருப்பு, பறவை, பாறை, இரும்பு, நஞ்சு என்று பல இனம் உண்டு. தோற்பதற்கு அவர்களுக்குக் கொடுத்திருந்தது பூச்சி இனம். அந்தப் பிரிவுக்குத் தலைவி ஜெபா. நாகர்கோவில்காரி. பூச்சி இனத்தை வரைந்து, அதற்கு வலு எவ்வளவு, உயிர் எவ்வளவு என்று நிர்ணயித்தவளும் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று பூச்சி ஏன் இப்படிச் சோனியாக இருக்கிறது என்று யுவராணி கேட்டதற்கு, ஜெபா ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். புதுசாக வருகிறவனுக்கு அடித்துப் பழக ஏதாவது ஒன்று வேண்டும். அதனால் முதல் பாதையிலேயே, முதல் புதரிலேயே பூச்சியை வைத்தாயிற்று. உடம்பு சின்னது. நெருப்பு சுடும், பறவை கொத்தும், பாறை நசுக்கும். பூச்சி திருப்பிக் கடித்தால் இரும்பில் இறங்காது, நஞ்சில் இறங்காது. போதாததற்கு ஒவ்வொரு புதியவனுக்கும் கம்பெனியே நெருப்புக் குட்டி ஒன்றை இனாமாகக் கொடுக்கிறது. எதிரே வருகிறவன் கையிலெல்லாம் கொள்ளிக்கட்டை இருந்தால் எந்தப் பூச்சி பிழைக்கும்?

மாதா மாதம் எந்த இனம் எவ்வளவு ஜெயித்தது என்று பெரிய திரையில் போடுவார்கள். பூச்சிதான் எப்போதும் அடியில் கிடக்கும். அதைப் பார்த்து ஆடுகிறவர்களும் பூச்சி வேஸ்ட் என்று வளர்க்காமல் விட்டுவிட்டார்கள். அந்தத் தோல்விகளில் பாதி, இந்த வரிசையில் உட்கார்ந்து சம்பளத்துக்குத் தோற்றது. அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடலாமே என்று யுவராணி ஒருமுறை சொன்னாள். ஜெபா சிரித்தாள். தெரியும், ஆனால் அப்புறம் புதுசாக வருகிறவன் யாரை அடிப்பான் என்று கேட்டாள்.

யுவராணிக்கு இன்னொன்றும் தெரியும். பூச்சிக்கு இறக்கை சீக்கிரம் முளைத்துவிடும். நெருப்புக் குட்டி இன்னும் குட்டியாகவே தத்தித் தத்தி நடக்கும்போது புழு பொன்வண்டாகிப் பறக்க ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் வளர்ச்சி கிடையாது. ஆனால் அந்த ஆரம்ப நாட்களில், ஒழுங்காக ஆடினால், அதை எவனும் தொட முடியாது. அந்த நாட்களில்தான் கம்பெனி ஆள் போட்டுத் தோற்க வைத்தது. வலு இருக்கும்போது தோற்கச் சொல்லிவிட்டு, வலு போனபிறகு சொத்தை என்று பெயர் வைத்தால் அது என்ன நியாயம் என்று அவளுக்குக் கோபம் வரும். வெறும் பொம்மைப் பூச்சிக்காக இவ்வளவு கோபப்படுகிறோமே என்று வெட்கமும் கூடவே வரும்.

திருமுருகன் இந்த விளையாட்டுக்குள் வந்ததற்குக் காரணம் அவள்தான். பாடியில் பம்ப் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் இருந்தவனை, பொங்கல் முடிந்த கையோடு நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு முறைமாமன், சின்ன வயதிலிருந்தே வாய் ஓயாமல் பேசிச் சிரிக்கிற ஆள். வேலை போனதும் சிரிப்பு போயிற்று. சவரம் செய்வதில்லை, தெருவில் இறங்குவதில்லை. உன் கம்பெனி ஆட்டத்தையாவது ஆடிப் பார்க்கிறேன் என்று ஒரு நாள் போனில் ஏற்றினான். அன்றைக்கே ஜெயித்தான். மறுநாளும் ஜெயித்தான். ஒரு வாரத்தில் பழைய சிரிப்பு திரும்பி வந்தது.

நடுவில் ஒரு நாள் அவளுக்கே எதிராளியாக வந்தான். தோற்றாள். அன்று சாயங்காலம் அவன் வஞ்சிரம் வாங்கிவந்து தானே வறுத்தான். எதிராளி எப்படித் திணறினான் என்று கையை ஆட்டி ஆட்டி நடித்துக் காட்டினான். அவள் மீனைத் தின்றுவிட்டு, அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதுதான் தப்பு என்று பிறகு பட்டது.

ஏனென்றால் ஆவடிப்புலிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பெரிய போட்டிக்குப் போகப் போகிறேன், சேனல் ஆரம்பிக்கப் போகிறேன், எனக்குக் கை ராசி என்றான். நேற்றுத்தான் பச்சையப்பன் போன் செய்தார். கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிறவர். பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் வால்வு செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர் இடம், நாளைச் சாயங்காலம் ஆறு மணிக்குள் சொன்னால் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்றார். திருமுருகன் போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"எனக்கு இன்னாத்துக்கு யுவா சூப்பர்வைசர் வேலை? நான் ப்ளேயர்."

நீ ஜெயித்த ஒரு ஆட்டம்கூட ஆட்டமே இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கையெழுத்து மட்டும் தடுக்கவில்லை. அந்தச் சிரிப்பும் தடுத்தது.

இப்போது அவன் திரையில் நின்றுகொண்டிருக்கிறான். அவள் இன்று தோற்றால் ஆறு மணிக்கு அவன் வேண்டாம் என்று சொல்வான். தெரிந்த ஆள் எதிரே வந்தால் கையைத் தூக்க வேண்டும், ஜெபா வேறு ஆளுக்கு மாற்றிவிடுவாள், அதுதான் சட்டம். மாற்றினால் பக்கத்து சீட்டுக்காரி அவனிடம் தோற்பாள். அவ்வளவுதான் வித்தியாசம். யுவராணி கையைத் தூக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. முதல் வீச்சுக்கு திருமுருகன் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். எல்லாரும் செய்வதுதான். நெருப்புக் குட்டி வயிற்றை உப்பி உப்பித் தீயைத் திரட்டும், அடுத்த முறை மொத்தமாகக் கக்கும். திரட்டும்போது அதற்குத் தற்காப்பே கிடையாது. ஒழுங்காக ஆடுகிறவன் எதிரே இருந்தால் ஒருத்தனும் அதை முதலில் எடுக்க மாட்டான். ஆனால் இந்த வரிசையில் இருப்பவர்கள், அவன் திரட்டி முடிக்கிற வரைக்கும் பூச்சியைச் சும்மா கத்தவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அவனுக்கு அது பழகிப்போயிருந்தது. அவனுக்கு அந்தக் கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

குட்டி வயிற்றை உப்பியது. யுவராணி கத்தல் பொத்தானுக்குப் போன விரலை இழுத்து, பிசினைத் துப்பவிட்டாள். குட்டியின் கால் ஒட்டிக்கொண்டது. தீ திரள இன்னும் ஒரு முறை ஆகும். அடுத்த முறை பொன்வண்டு பறந்து போய்க் கடித்தது. தற்காப்பில்லாத வயிற்றில் விழுந்த கடி. பாதி உயிர் போயிற்று.

வரிசையில் யாராவது ஜெயிக்கப் போனால் ஜெபாவின் திரையில் சிவப்புக் கோடு விழும். அவள் நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது. பின்னால் வந்து நின்றாள். திரையில் வினாடிகள் குறைந்துகொண்டிருந்தன. ஜெபா குரலை உயர்த்தவில்லை.

"யுவராணி, போதும். இப்போ விட்டுரு."

விடலாம். ஒரு கத்தல், அவன் தீயைக் கக்குவான், பொன்வண்டு கருகும், கைதவறிவிட்டது மேடம் என்று சொன்னால் ஜெபா நம்புவாள். இத்தனை நாள் இவ்வளவு அழகாகத் தோற்றவளை நம்பாமல் என்ன செய்வாள்? யுவராணி வினாடி முடியப் போகும் நேரத்தில் கடியை அழுத்தினாள். கால் ஒட்டிய குட்டி வாயைத் திறப்பதற்குள் வண்டு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆவடிப்புலி தோற்றது.

ஜெபா தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். யார் அது என்று கேட்டாள். யுவராணி மறைக்காமல் சொன்னாள். சொல்லியிருந்தால் ஆளை மாற்றியிருப்பேனே என்றாள் ஜெபா. அதனால்தான் சொல்லவில்லை மேடம் என்றாள் யுவராணி. ஜெபா கெட்டவள் இல்லை. ஆனால் தெரிந்தே செய்ததற்குத் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொன்னாள்.

ஆவடி வரைக்கும் பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழி முழுக்க ஒரே யோசனை, ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும், தோற்ற சூட்டோடு அவனைப் பச்சையப்பனிடம் பேச வைக்க வேண்டும். ஆட்டோ ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏற்றியபோது அவளுக்கு டிரைவரின் முதுகில் குத்தலாம் போலிருந்தது.

திருமுருகன் கட்டிலில் இல்லை. தரையில் உட்கார்ந்து, முடிந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் சீக்கிரம் வந்தாய் என்று கேட்கவில்லை.

"ஒரு பூச்சிகிட்ட தோத்துட்டேன்," என்றான். "நான் தீ தெரட்டசொல்லோ வந்து கடிக்குது. இத்தினி நாளா ஒர்த்தனும் அத்த செய்யல. ஏன் யுவா செய்யல?"

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"பழைய ஆட்டம்லாம் போட்டுப் பாத்தேன். அல்லாரும் கத்திகினே நிக்கிறானுங்க. எவனும் ஆடவே இல்ல." போனைக் கீழே வைத்தான். "அந்தக் கம்பெனில உன் வேல இன்னா?"

கல்யாணமாகி இத்தனை நாளில் அவன் இதைக் கேட்டதே இல்லை. டெஸ்டிங் என்று அவள் சொன்னதோடு சரி. யுவராணி சொன்னாள். வரிசையைச் சொன்னாள், பூச்சியைச் சொன்னாள், வஞ்சிரம் வாங்கிவந்த நாளையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் காது மடல் சிவந்தது.

"நான் ஒண்ணாச்சும் ஜெயிச்சேனா?"

இல்லை என்று சொல்வதற்கு அவளுக்கு அன்றைய கடியை அழுத்தியதைவிடத் தைரியம் வேண்டியிருந்தது. "இல்ல மாமா."

அவன் எழுந்தான். அடிப்பானோ என்று ஒரு கணம் நினைத்தாள், அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று தெரிந்தும். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பச்சையப்பனுக்குக் காலையிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னான். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பஸ், ஆட்டோ, அந்தக் கடி, எல்லாமே காலம் கடந்து வந்தவை.

"சரி, இன்னிக்கு ஏன் ஜெயிச்ச? ஜெயிச்சா உட்ருவானுங்களா உன்ன?"

"நாளைலேர்ந்து வராதன்னுட்டாங்க."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் அது எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் திண்டாடியது. போனை எடுத்து பச்சையப்பனைக் கூப்பிட்டான். காலையில் சொன்னது தப்பு அண்ணாத்தே என்றான். அந்தப் பக்கம் நீளமாகப் பேச்சு ஓடியது. சூப்பர்வைசர் இடம் மத்தியானமே போய்விட்டது. அதே கம்பெனியில் லோடு இறக்க ஆள் வேண்டும், விடிய வந்து கேட்டில் நிற்கிறாயா என்று கேட்டார். திருமுருகன் கண்ணை மூடித் திறந்தான். நிற்கிறேன் என்றான்.

போனை வைத்துவிட்டு அவள் எதிரே குந்தினான். குரல் கரகரத்தது, அதில் கொஞ்சல் எதுவும் இல்லை.

"இனிமேட்டு எங்கிட்ட தோக்காத யுவா."

அவள் சரி என்றாள்.