வலைத் துண்டில் தொங்கிய முதலாளி

ஜிந்துப்பிட்டிச் சங்கிலி என்கிறவனை அடித்தவர்கள் பல பேர். அடித்துவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர்கள் குறைவு. அவனை வேலைக்கு வைத்து மேய்த்தவன் இந்தக் கொழும்பில் நான் ஒருவன்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து, மண்வெட்டி பிடித்து, இன்று வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருக்கிற உலகப்பன் நான். எத்தனையோ பேர் என் கையால் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். எழுதவேண்டும் என்று தோன்றியது இவன் ஒருவனைப் பற்றித்தான்.

அவன் தகப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். குடித்துவிட்டு வந்தால் இடுப்பு வாரைக் கழற்றிப் பிள்ளைகளை விளாசுவார். மீசை அரும்புகிற வயதில் சங்கிலி அந்த வாரைப் பிடுங்கித் தகப்பனைத் திருப்பி அடித்தான். அன்றே வீட்டை விட்டிறங்கி அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். எண்பத்து மூன்றில் கலவரக்காரர்கள் சந்துக்குள் வந்தபோது, தங்கை மயிலம்மாவைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி மூடிவிட்டு, மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கியோடு வாசலில் நின்றான். நெற்றியில் இருக்கிற வெட்டு அன்று வாங்கியது. அவன் கொடுத்தது எவ்வளவு என்று கேட்டால் சொல்லமாட்டான். வந்தவங்க போய்ட்டாங்க என்பான், அவ்வளவுதான்.

மயிலம்மா கல்யாணமாகிப் பாமன்கடையில், கால்வாய் ஓரத்து வரிசை வீடுகளில் ஒன்றுக்குப் போனாள். யுத்தம் முடிந்து இரண்டு வருடம் கழித்து, அந்த வீடுகளின் தலைக்கு மேலே, பாலத்துக்கு ஏறுகிற பாதை கட்ட வந்தார்கள். மண் நிரப்பிய உயரமான பாதை. அதன் பக்கச் சுவரைக் கட்டப் படித்த கொந்தராத்துக்காரர்கள் எல்லாம் அலைந்தார்கள். வேலை எனக்குத்தான் கிடைத்தது.

இந்தச் சுவர் கல்லை நம்பி நிற்பதில்லை. ஒரு அடுக்கு மண் போட்டு இறுக்கி, அதன்மேல் கிரிட் என்கிற தடித்த பிளாஸ்டிக் வலையை விரித்து, நுனியைச் சுவர்க் கல்லில் கோத்து, மறுபடி மண் போடவேண்டும். மண்ணுக்குள் கிடக்கிற வலைதான் சுவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருக்கும். வலை உக்கியிருந்தால் ஒரு மழைக்குச் சுவர் வயிறு தள்ளும், அடுத்த மழைக்கு மயிலம்மாவின் வரிசை மண்ணுக்குள் போகும். அதனால் ஒரு கட்டாயம் உண்டு. வந்து இறங்கும் சுருள்களில் எஞ்சினியர் கைகாட்டுகிறதை எல்லோர் முன்னாலும் வெட்டி, துண்டில் எஞ்சினியர், கொந்தராத்துக்காரன், வலை விற்றவர் என்று மூன்று தரப்பும் பெயின்டால் அடையாளம் போட்டு, ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். அங்கே மெஷினில் மாட்டி அறும்வரை இழுப்பார்கள். தாங்கினால் சேர்ட்டிபிகட். அது கைக்கு வரும்வரை ஒரு சுருளும் விரிக்கக்கூடாது. துண்டைக் காக்கிற வேலையைச் சங்கிலியிடம் கொடுத்தேன்.

வலை சப்ளை செய்தவர் புறக்கோட்டை வெங்கடேஸ்வரன் முதலாளி. சுருள்கள் இறங்கியபோதே கறுப்பு வலை சாம்பல் பூத்துக் கிடந்தது. வெட்டினோம், அடையாளம் போட்டோம். மறுநாள் வெசாக் போயா, புத்தர் பௌர்ணமி விடுமுறை, ஆய்வுகூடம் பூட்டு. ஊரே விகாரைக்குப் போயிருந்த பட்டப்பகலில் நாலு பேர் ஒரு வான் வண்டியில் வந்து, கொட்டிலில் சோறு தின்றுகொண்டிருந்த சங்கிலியிடம் துண்டைக் கேட்டார்கள். அவன் சோற்றுத் தட்டால் முதல் ஆளின் மூக்கை உடைத்தான். இரண்டாவது ஆளின் காதைக் கடித்துத் துப்பினான். மற்ற இருவரும் கம்பியால் அவன் இடது கையை முறித்தார்கள், விழுந்த பிறகும் விலாவில் மிதித்தார்கள். டீசல் பார்க்க வந்த ஜே.சி.பி. டிரைவர், சங்கிலி நானா என்று அண்ணன் முறையில் கூப்பிடுகிற ராசிக்தான் இரத்தத்தில் கிடந்தவனைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். துண்டு போய்விட்டது.

அடுத்த கிழமை சேர்ட்டிபிகட் வந்து நின்றது, நல்ல வலை என்று. எங்கிருந்தோ ஒரு நல்ல துண்டை வெட்டி, எங்கள் மூன்று பேரின் அடையாளத்தையும் கள்ளமாகப் போட்டு, வெங்கடேஸ்வரனின் ஆட்களே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். எஞ்சினியர் சிவக்கொழுந்துவிடம் போய்க் கத்தினேன். பொலிசில் வெறும் அடிதடி என்றுதான் பதிந்திருக்கிறது, சீல் குத்தின பேப்பரை நான் எப்படி இல்லை என்பது, நீங்கள் விரிக்காவிட்டால் வேறு ஆள் விரிப்பான் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் சுருளுக்குப் பூசை. வெங்கடேஸ்வரன் தேங்காய் உடைக்கப் பட்டு வேட்டியில் வந்தார். சங்கிலியும் வந்தான், கையில் மாவுக்கட்டு, தோளில் பழைய கொக்கி. பூசைக் கத்தியை எடுத்துச் சுருளின் நுனியில் இரண்டு இழை அகலத்துக்கு ஒரு நீளத் துண்டு அறுத்தான். நல்ல வலை என்றால் அந்த இரண்டு இழையே மூன்று ஆளைத் தூக்கும். ஒரு நுனியை ஜே.சி.பி. வாளியில் முடிந்தான். மறு நுனியில் கொக்கியை மாட்டினான். பிறகு முதலாளியின் கன்னத்தில் ஒன்று விட்டான், அவர் உட்கார்ந்துவிட்டார். ஓடிவந்த அவருடைய ஆட்களுக்குக் கத்தியைக் காட்டினான். அதோடு நின்றுவிட்டார்கள். அவர் அக்குளில் கயிற்றைச் சுற்றிக் கொக்கியில் மாட்டினான்.

"டேய், நான் யாருன்னு தெரியுமாடா?"

"தெரியும் மொதலாளி. ஒங்க வலைதானே, நல்ல வலைன்னு பேப்பர் சொல்லுது. ஊஞ்சல் ஆடிப் பாருங்க. ராசிக் நானா, ஒசத்துங்க."

ராசிக் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையாட்டாமல் என் இடத்தில் ஒரு மெஷினும் அசையாது. ஆட்டினேன்.

வாளி எழும்பியது. கால் நிலத்தை விட்டதும் அவர் குரல் மாறிப்போனது.

"எறக்குடா, அறும்டா, அறும். வத்தளையில வருசக்கணக்கா வெயில்ல கெடந்த சாமான்டா. பேப்பர் வேற சாமானோடது."

பூசைக்கு வந்திருந்த எஞ்சினியர் காதிலும் விழுந்தது. ராசிக் இறக்கப் போனான், அதற்குள் முடிச்சு மடிந்த இடத்தில் வலை பட்டாசு மாதிரி வெடித்து அறுந்தது. கல் குவியலில் விழுந்தவரின் தொடை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சங்கிலி கிட்டப் போய் விலாவில் ஒரு உதை கொடுத்தான்.

"இது வெசாக்குக்கு."

எஞ்சினியர் அன்றே தன் கையால் துண்டு வெட்டித் தன் ஜீப்பில் கொண்டுபோனார். இழுக்கவேண்டிய பாரத்தில் பாதிக்கே அறுந்ததாம். சுருள் எல்லாம் திருப்பி ஏற்றப்பட்டது. வெங்கடேஸ்வரன் மேல் தனி வழக்கு.

சங்கிலியின் வழக்கு புதுக்கடை நீதிமன்றத்தில் நடந்தது. சாமானைப் பரீட்சிக்க மெஷின் இருக்கிறது, மனுசனை ஏன் கட்டினாய் என்று நீதவான் சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"மெஷினுக்குப் போற துண்டத் திருடிட்டாங்கையா. வேற என்னாத்தக் கட்டுறது?"

கோர்ட்டில் சிரித்தார்கள். கடூழியச் சிறை கிடைத்தது. உள்ளேயும் சும்மா இருக்கவில்லை, இரண்டு பல்லை இழந்தான். இழக்க வைத்தவன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்த அன்று நானே என் வான் வண்டியில் ஏற்றிப் பாமன்கடைக்குக் கொண்டுபோனேன். புது வலைக்கு எஞ்சினியர் கூடவே போய் நின்று இழுத்துப் பார்த்த கதையை வழி நெடுகச் சொன்னேன். சுவர் அப்போது முழு உயரத்துக்கு எழும்பி, மேலே லொறி ஓடிக்கொண்டிருந்தது. மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. மயிலம்மா வீட்டுக் கொல்லைக்குப் போய், சுவரடியில் குந்தி, முதுகைச் சாய்த்துக் காலை நீட்டினான்.

"செவுத்துல சாயாதண்ணே, சட்டை அழுக்காவும்" என்று உள்ளேயிருந்து மயிலம்மா சொன்னாள்.

"டீயக் கொண்டா" என்றான். நிமிரவில்லை.