நஸ்ரின் மிஸ்ஸுக்கு இங்கிலீஷ் எப்படி வருகிறது?

இங்கிலீஷ் டியூஷன் எடுப்பவன் பாடு எப்போதும் இதுதான்: பிள்ளை ஃபெயிலானால் வாத்தியார் சரியில்லை, நல்ல மார்க் வாங்கினால் பிள்ளைக்கு இயற்கையிலேயே மூளை. காரைக்குடியில் ஒரு டியூஷன் சென்டரில் பதினோரு வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு நான்தான் இங்கிலீஷ். இதே தொழிலில் அவதிப்படும் அன்பர்களுக்கு என் வயிற்றெரிச்சல் சட்டென்று புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டுப் பதில் வைத்தியம்

என் முறை எளிது. மொத்தம் எட்டே பதில்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி உருப்போட வைத்துவிடுவேன். பரீட்சையில் எந்தக் கேள்வி வந்தாலும் எட்டில் ஒன்றை எழுதிவிட்டு வரலாம். இதை வைத்தே பாஸாகி இன்று சிங்கப்பூரில் சம்பாதிக்கும் பிள்ளைகள் உண்டு.

எட்டில் ஒன்றான, நண்பனுக்கு எழுதும் கடிதத்தில், நாட்டரசன்கோட்டை மாமா வீட்டுக்குப் போய்ப் பணியாரம் சாப்பிட்டதாக ஒரு வரி வைத்திருந்தேன். படிக்க நிஜம் போல இருக்கட்டுமே என்றுதான். போன காலாண்டுத் தேர்வில், கால் முறிந்து படுத்திருக்கும் நண்பனுக்கு ஆறுதல் கடிதம் எழுதச் சொன்னார்கள். என் பிள்ளைகள் அத்தனை பேரும் அவனுக்குப் பணியாரம் சாப்பிட்ட கதையை எழுதிவிட்டார்கள். தாள் திருத்திய பள்ளிக்கூட டீச்சர் எனக்குப் போன் செய்தார்.

"சார், ஒங்க புள்ளைக முப்பது பேருக்கும் நாட்டரசன்கோட்டையில ஒரே மாமாவா?"

தட்டிக்கு அந்தப் பக்கம்

அந்தச் சமயத்தில்தான் ஒன்பதாம் வகுப்புக்கு நஸ்ரின் மிஸ் வந்து சேர்ந்தார். என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவே ஒரு பிளைவுட் தட்டி மட்டும்தான். கையில் தாள் கிடையாது, புத்தகம் கிடையாது. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி இங்கிலீஷ் வரும். நடுவில் கொஞ்சம் யோசிப்பார், ஒரு ஜோக் சொல்வார், பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் நோட்டை மூடிவிட்டுச் சேர்ந்து சிரிப்பார்கள்.

எனக்குப் பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க விரும்பவில்லை. எம்.ஏ. இங்கிலீஷே உருப்போட்டுப் பாஸானவன் நான். இவருக்கு மட்டும் ஆண்டவன் ஏன் நாக்கிலேயே எழுதி அனுப்பினான்? அங்கே என்ன விசேஷம் என்று என் வகுப்பு மீனாளிடம் கேட்டேன். அவள் மறைக்காமல் சொன்னாள்.

"நீங்க இங்கிலீஷ் சொல்லித் தாரீக சார். அவுக இங்கிலீஷ்ல பேசுறாக."

பெற்றோர் கூட்டம்

அடுத்து வந்தது பெற்றோர் கூட்டம். நானும் இங்கிலீஷில் பேசுவதென்று ஒரு வாரம் தயார் செய்தேன். மூன்றாவது வரியில் முன்வரிசைக் கைக்குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. நாலாவது வரி போன இடம் தெரியவில்லை. பின்னால் பேசிய நஸ்ரின் மிஸ் அந்தக் குழந்தையையே வைத்து ஒரு ஜோக் அடித்துக் கைதட்டல் வாங்கினார்.

சென்டரை நடத்தும் சொக்கலிங்கம் அண்ணன் மறுநாள் என்னைக் கூப்பிட்டு, எனக்கும் நஸ்ரின் மிஸ்ஸுக்கும் ஆளுக்குப் பாதியாகப் பன்னிரண்டாம் வகுப்பைப் பிரித்தார். அரையாண்டில் யார் பிள்ளைகள் அதிக மார்க் வாங்குகிறார்களோ, அவருக்கே முழு வகுப்பும் என்றார். பதினோரு வருடம் என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"சார், ஒங்களுக்குப் படிச்சு வந்துச்சு, அந்தப் புள்ளைக்குப் பொறந்தப்பவே வந்துருச்சு, நம்ம என்ன செய்ய?"

டவுன் பஸ்ஸில் பார்த்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை அமராவதிபுதூரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு டவுன் பஸ்ஸில் திரும்பினேன். முன் சீட்டில் நஸ்ரின் மிஸ். மடியில் நீள நோட்டு, உதடு மட்டும் அசைகிறது. எட்டிப் பார்த்தேன். திங்கட்கிழமை வகுப்பு முழுவதும் வரி வரியாக எழுதியிருந்தது. ஓரத்தில் தமிழில் சிவப்பு மையால் குறிப்புகள்: 'இங்கே யோசிப்பது போல நிற்கவும்.' 'சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்கவும்.' அவர் புரட்டிய கடைசிப் பக்கத்தில், குழந்தை அழுதால், கரண்ட் போனால், யாராவது தும்மினால் சொல்ல வேண்டிய ஜோக்குகள் தனித்தனியாக இருந்தன.

திரும்பிப் பார்த்தவர் வெட்கப்படக்கூட இல்லை.

"வெடியக்காலையில எந்திரிச்சு நாலு மணி நேரம் உருப்போட்டாத்தான் எனக்கு வாய் தொறக்கும் சார், ஒங்கள மாதிரி வீட்ல எதையும் பாத்துட்டு வராம நடத்த எனக்கெல்லாம் வராது."

கோள் சொல்லப் போனேன்

பெரிய மனிதனாக இருந்திருந்தால் அதோடு விட்டிருப்பேன். நான் மறுநாளே அண்ணனிடம் போனேன். "அண்ணே, அது பிறவித் திறமையெல்லாம் இல்லை, அத்தனையும் மனப்பாடம், தும்மலுக்குக்கூட எழுதி வைத்திருக்கிறார், தினமும் நாலு மணி நேரம்" என்று ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சரி, வகுப்பு திரும்ப நம்மிடம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நாலு மணி நேரமா? அப்ப அரையாண்டு வரைக்கும் எதுக்கு சார், முழு வகுப்பையும் இன்னைக்கே அவுககிட்டக் குடுத்துருவோம்."

அவரைப் பிறவித் திறமைசாலி என்று நினைத்திருந்த வரைக்கும் ஆண்டவன் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் பொறாமைப்பட்டேன். உழைப்பாளி என்று தெரிந்த பிறகு பழியைப் போட என்னை விட்டால் ஆளில்லை.