கலைமகளின் ரெசுமியும் வீரப்பனின் போனும்

வேலைக்கு அனுப்பும் ரெசுமியில் வீரப்பன் பெயரைப் போட்டால் அந்த ரெசுமி நேராகக் குப்பைக்குத்தான் போகும் என்று மலாக்கா பக்கம் ஜாசின் வட்டாரத்தில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. பஸ் நிலையத்தில் ஒருவர் சொன்னார். கோயில் வாசலில் இன்னொருவர் தலையாட்டினார். மூன்றாமவர் அதையே கும்பிடும் கை படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். ஒரு செய்திக்கு இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

பேச்சு கலைமகளின் காதுக்கு வந்தபோது அவள் ரெசுமியை அனுப்பி நாலைந்து நாள் ஆகிவிட்டது. வீரப்பன் பெயரோடுதான்.

வீரப்பன் கெட்டவர் இல்லை. தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்து கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். தோட்டம் கைமாறி, தொழிலாளர்களின் லயன் வீடுகளை இடித்து, சனமெல்லாம் தாமான் என்ற புதுக் குடியிருப்பு வீடுகளுக்கு வந்த பிறகும் கோயில் செயலாளர் அவர்தான். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடுவார். மலாய், இங்கிலீஷ் இரண்டிலும் சண்டை போடத் தெரியும். ஆகவே தாமானில் யார் வேலைக்கு மனுப் போட்டாலும், ‘உங்களைப் பற்றிச் சொல்லக்கூடியவர்’ என்ற இடத்தில் அவர் பெயர் போய் உட்கார்ந்துகொள்ளும். அவரிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. சாமியைக் கேட்டுக்கொண்டா சாமி பெயரைச் சொல்கிறோம்?

கலைமகளின் நிலைமை வேறு. பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலை ஒன்றில் அவள் ஒப்பந்த ஆப்பரேட்டர். மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். லாரி ஓட்டும் கணவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டில் கிடக்கிறான். அதே வட்டாரத்தில் இன்னொரு கம்பெனிக்கு ஸ்டோர் கிளார்க் தேவைப்பட்டது. பகல் வேலை, நிரந்தர வேலை. இது கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் என்ன என்பது அவளுக்குத் தெரியவில்லை.

ரெசுமியையும் கவர் லெட்டரையும் எழுதிக் கொடுத்தது உடன் வேலை செய்யும் நளினி. இணையத்தில் மாதிரி எடுத்து, மாதிரியில் இருந்தவளின் பெயரை அழித்துவிட்டுக் கலைமகளின் பெயரைப் போட்டாள். ‘பிறவித் தலைவி’ என்றிருந்தது. ‘ஐந்நூறு பேருக்கான அன்னதானக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர்’ என்று அவளாகவும் சேர்த்திருந்தாள். ‘எந்த நெருக்கடியிலும் பதறாதவர்’ என்ற வரியைப் படிக்கும்போதே கலைமகள் பதறிப்போனாள்.

“பேசாம கம்பெனி மாதிரி நாமளே வீரப்பனுக்குப் போன் போட்டுப் பாத்துருவோம் லா,” என்றாள் நளினி. “என் நம்பரு அவருக்குத் தெரியாது.”

கேன்டீனில் ஒரு மூலையாகப் பார்த்து உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டார்கள்.

“குட் ஆஃப்டர்நூன். மிஸ்டர் வீரப்பனா?”

“யாரு?”

“கம்பெனிலேருந்து பேசுறோம் சார். கலைமகள்னு ஒருத்தங்க வேலைக்கு அப்ளை பண்ணியிருக்காங்க...”

“கலைமகளா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாது.”

“சார், உங்க பேரத்தானே அவங்க...”

“என் பேரு உனக்கு எப்படித் தெரியும்? அடுத்து பேங்க் நம்பர் கேப்ப. பேங்க்ல எனக்கு ஒண்ணும் இல்ல லா! போலீஸ்ல என் சகலை இருக்காரு, தெரியுமா? வை போனை!”

நளினி போனை மேசையில் வைத்தாள். “உன் கல்யாணத்துல மைக் புடிச்சிக்கிட்டு கீழ வைக்காத மனுசன் இவருதானே?”

கலைமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சு உண்மைதான். வீரப்பன் பெயரைப் போட்டிருந்த பக்கத்து வீட்டுக் குகனுக்குக் கிடங்கு வேலை ஏன் கிடைக்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

சாயந்திரம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வீரப்பன் வீட்டுக்குப் போனாள். இரும்புக் கதவு பூட்டியிருந்தது. கம்பி வழியாகவே பேசினார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“அது நீங்களா? நான் அந்த நம்பரை பிளாக் பண்ணிட்டேனே!”

“ஏன் மாமா இப்படி?”

“கோர்ட்லேருந்து பேசுறேன்னு போன் பண்ணி, நம்ம கமிட்டி ஆளோட பென்சன் காசு மொத்தத்தையும் உருவிட்டானுங்க. அதுலேருந்து தெரியாத நம்பர்னா எனக்கு நெஞ்சு அடைக்குது. இந்த வாரத்துல மட்டும் ரெண்டு மூணு பேரை விரட்டினேன். அதுல எது கம்பெனி, எது திருடன்னு நான் எப்படிக் கண்டேன்?”

அந்த ரெண்டு மூணு பேரில் கலைமகள் மனுப் போட்ட கம்பெனியும் இருந்திருந்தால்?

அவர் கதவைத் திறந்து உள்ளே விட்டு, ரெசுமியை வாங்கிக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் படித்தார். கண்ணில் புரை. படிக்கப் படிக்கத் தாளும் சேர்ந்து ஆடியது.

“அன்னதானக் குழுத் தலைவியா? எப்ப லா?”

“நளினி எழுதினது மாமா. நான் வெங்காயம்தான் உரிச்சேன்.”

“கேட்டா நான் என்னன்னு சொல்றது? ஆமான்னா பொய்ச் சாட்சி. இல்லன்னா உன் வேலை போச்சு.”

“கோர்ட் இல்ல மாமா, வேலைக்கு விசாரிக்கிறாங்க, அவ்வளவுதான்.”

“போன்ல பேசுறதெல்லாம் ரெக்கார்ட் ஆவுது புள்ள!”

பயந்தாங்கொள்ளி ஒருத்தியின் பிழைப்பு அவளைவிடப் பயந்தாங்கொள்ளி ஒருவரின் நாக்கில் தொங்கியது. முதல் கேள்வியிலேயே இவர் உடைந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவரை மாற்ற முடியாது. ரெசுமியை மாற்றலாம்.

அங்கேயே பேனாவை எடுத்தாள். கம்பெனிக்காரி மாதிரிக் குரலை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்டாள். அவர் குரல் எங்கே தடுமாறியதோ, அங்கே ஒரு கோடு. பிறவித் தலைவி போனாள். அன்னதானக் குழு போனது. சரளமான மாண்டரின், அது எப்படி உள்ளே வந்தது என்று நளினிக்கே தெரியாது, அதுவும் போனது. தாள் முழுக்கக் கோடுகள். மிஞ்சியது பெயரும் முகவரியும்தான் போலிருந்தது.

“வேற என்னதான் சொல்வீங்க மாமா என்னைப் பத்தி?”

வீரப்பன் நிமிர்ந்தார். “கோயில் சாமான் ரூம் சாவி ஒங்கிட்டதானே இருக்கு? திருவிழாவுக்கு எத்தனை அண்டா போச்சு, எத்தனை திரும்பி வந்துச்சுன்னு நீதானே எழுதி வைக்கிற? ஒரு தூக்குவாளி குறையுதுன்னு சமையல்காரரை வேன்ல ஏற விடாம நிப்பாட்டுனியே, அந்த ஆளு என்னா ஏச்சு ஏசினாரு! அதை எங்க வேணும்னாலும் சொல்வேன். போலீஸ் ஸ்டேஷன்லயே சொல்வேன்.”

அவர் குரல் தெருவுக்கே கேட்டது. கலைமகள் எழுதிக்கொண்டாள். கவர் லெட்டர் அரைப் பக்கமாகச் சுருங்கியது. ஸ்டோர் கிளார்க் வேலைக்கு ஸ்டோர் சாவியைப் பற்றி எழுதலாம் என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. திருத்திய ரெசுமி இது என்று ஒரு வரி சேர்த்து மறுபடி அனுப்பினாள். ரெண்டாவது தரம் அனுப்பினால் முதலாவது பொய் என்று தெரிந்துவிடுமே என்ற புதுப் பயம் இலவசமாக வந்தது.

கம்பெனி எந்த நம்பரிலிருந்து கூப்பிடும் என்று சொல்ல முடியாது. ஆகவே எல்லாப் போனையும் எடுப்பது என்று வீரப்பன் ஒப்புக்கொண்டார், தூக்குமேடைக்குச் சம்மதித்தவர் போல. கடன் வேண்டுமா என்று கேட்டவனிடம் கலைமகளைப் புகழ்ந்தார். தண்ணீர் ஃபில்டர் விற்கும் பெண்ணிடம், “நல்ல புள்ள, நம்பி சாவியைக் குடுக்கலாம்,” என்றார். அவள் ஃபில்டரை மறந்து நன்றி சொல்லி வைத்துவிட்டாளாம்.

உண்மையான அழைப்பு வந்தபோது வீரப்பன் மலாக்கா ஆஸ்பத்திரியில், கண் டாக்டரைப் பார்க்க நம்பர் வாங்கி உட்கார்ந்திருந்தார். அடுத்த நம்பர் அவருடையது. போன் அடித்தது. உள்ளே ஒரே சத்தம் என்று வராந்தாவுக்கு ஓடினார்.

பிறகு கலைமகளைக் கூப்பிட்டார். “பேசிட்டேன்.”

“என்ன மாமா கேட்டாங்க?”

“சாவி விசயம் சொன்னேன், தூக்குவாளி விசயம் சொன்னேன். அந்தம்மா சிரிச்சாங்க. நெருக்கடில பதறாதவங்களாமே, உண்மையான்னு கேட்டாங்க.”

பழைய ரெசுமியும் அவர்களிடம்தான் இருக்கிறது. “நீங்க என்ன சொன்னீங்க?”

“பதறுவா, ஆனா பதறிக்கிட்டே வேலையை முடிச்சிருவான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? ரெக்கார்ட் ஆவுதுல்ல.”

அடுத்து வந்த நாட்களில் அவள் சோற்றில் கை வைத்ததோடு சரி. போன் அதிர்ந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கடைசியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். வேலையும் கொடுத்தார்கள், முதல் ஆறு மாதம் தகுதிகாண் பருவம் என்ற வாலோடு.

ஆனால் அன்று வராந்தாவிலிருந்து வீரப்பன் திரும்புவதற்குள் அவருடைய நம்பர் தாண்டிப் போயிருந்தது. தாதி பல மாதம் தள்ளித்தான் வேறு தேதி கொடுத்தாள். கண்ணில் மருந்து விட்டால் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. “நான் எங்க கார்ல கூட்டிட்டுப் போறேன் மாமா, என் பொறுப்பு,” என்று கலைமகள் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்தத் தேதி ஒரு வேலை நாள், தகுதிகாண் பருவத்துக்குள்ளேயே வருகிறது, அதுவும் ஸ்டோரில் சரக்கு எண்ணும் வாரத்தில்.

லீவு கேட்டு மேலாளருக்கு ஒரு செய்தி எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள், அழித்தாள். நேற்று வீரப்பனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

“கலைமகளு, தேதி ஞாபகம் இருக்குல்ல? இப்பல்லாம் உன் மூஞ்சியே எனக்குப் புகை மாதிரிதான் தெரியுது லா.”

அதை அவள் இரண்டு முறை கேட்டாள். இன்னும் பதில் போடவில்லை.