ஞாயிற்றுக்கிழமை விசில்

ஹாக்கி அம்பயர் என்பவர் பந்தைத் தொடாமல் எல்லோரையும்விட அதிகம் ஓடுகிறவர். யாரையும் திட்டாமல் எல்லோரிடமும் திட்டு வாங்குகிறவர்.

வகுப்பில் பதில் தெரிந்தும் கை தூக்காதவர்கள், ஹோட்டலில் சாம்பார் கேட்கக் கூச்சப்பட்டு வெறும் இட்லி தின்றவர்கள், பஸ்ஸில் ‘ஆள் இறங்கணும்’ என்று சொல்ல முடியாமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் உங்கள் கட்சி. வேலை பார்ப்பது ஒரு கல்லூரி நூலகத்தில். நேர்முகத்தில் என் குரலைக் கேட்டதுமே முடிவு செய்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஹாக்கி கிளப்பில் பாதிப் பேர் திருவனந்தபுரத்தின் ‘சாலை’ கடைவீதிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லாததால் ஆடுகிறார்கள். மீதிப் பேர் அவர்களிடம் சாமான் வாங்கப் போய் மாட்டிக்கொண்டவர்கள். கல்லூரி அணியில் இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அனுபவத்தை வைத்து நான் அங்கே ஸ்கோர் எழுதப் போனேன். வார இறுதி லீகில் ஆட வேண்டுமானால் ஒவ்வொரு கிளப்பும் தேர்வு பெற்ற அம்பயர் ஒருவரைத் தர வேண்டும். அவர் தன் கிளப் ஆட்டத்துக்கு ஊதக் கூடாது, மற்றவர்கள் ஆட்டத்துக்குத்தான் ஊத வேண்டும். எங்கள் பழைய அம்பயர் மகளோடு பெங்களூருக்குப் போய்விட்டார். புதிதாக ஒருவர் தேறாவிட்டால் அடுத்த சீசனில் எங்களுக்கு இடம் இல்லை. இருபது பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருக்க வேண்டி வரும். அதை நினைத்து அவர்களைவிட அவர்கள் வீட்டார்தான் அதிகம் கவலைப்பட்டார்கள்.

எழுத்துத் தேர்வுக்கு இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். கிளப்பில் அந்தத் திறமை எனக்கு மட்டும்தான் இருந்தது. தேறினேன். அதன் பிறகுதான் சொன்னார்கள், ஆறு ஆட்டங்களுக்கு ஊதிக் காட்ட வேண்டும் என்று. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் இரண்டு கேப்டன்களும் ஒரு அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். ஒருவர் மறுத்தாலும் அந்த ஆட்டம் கணக்கில் வராது. சீசன் முடிய, எனக்குக் கிடைக்கக்கூடிய ஆட்டங்கள் ஏழு.

முதல் விசில்

ஹாக்கிக்கு இரண்டு அம்பயர்கள், ஆளுக்குப் பாதி மைதானம். முதல் ஆட்டத்தில் என் ஜோடி ஜேக்கப் சார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பதரைக்குள் ஆட்டம் முடிந்தால்தான் இறைச்சிக் கடை வரிசையில் நல்ல இடம் கிடைக்கும் என்பதால் எதையும் இழுத்தடிக்க மாட்டார்.

ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் ஒருவன் மட்டையின் பின்பக்கத்தால் பந்தை அடித்தான். அது தவறு. நான் ஊதினேன். என் அருகில் நின்ற இரண்டு பேர் மட்டும் மரியாதையாக நின்றார்கள். மற்ற இருபது பேரும் ஆட்டத்தைத் தொடர்ந்து, ஒரு கோலும் போட்டு, கட்டிப்பிடித்துக் கொண்டாடி முடித்தார்கள். அதன் பிறகு நான் போய், இது ஏற்கெனவே நின்றுபோன ஆட்டம் என்று ஒவ்வொருவரிடமாகச் சொல்ல வேண்டியிருந்தது. நல்ல மனிதர்கள், கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முதல் ஆட்டம் என்று இரக்கப்பட்டு இரண்டு கேப்டன்களும் கையெழுத்தும் போட்டார்கள். ஜேக்கப் சார் மட்டும் மகளிடம் வாங்குவது போல என் விசிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மோளே, இந்த விசிலை வச்சு நான் வேலை பாத்திருந்தா, அன்னைக்குள்ள பாசஞ்சர் இப்பவும் தம்பானூர் ஸ்டேஷன்லயே நிக்கும்” என்றார்.

கல்லாற்றில் பயிற்சி

எங்கள் கிளப்பின் செயலாளரும் கோல்கீப்பரும் ஒருவரே. அருணாசலம் அண்ணாச்சி, ஐம்பது வயது, சாலைக் கடைவீதியில் கயிற்றுக்கடை. அவர் கடையிலிருந்து எனக்கு வேறு விசில் வந்தது, உற்சவக் கூட்டத்தை ஒதுக்குகிறவர்கள் வாங்கும் ரகம். இனி ஊதிப் பழக வேண்டும், அவ்வளவுதான் என்றார். எங்கே பழகுவது? கோட்டைக்குள் எங்கள் தெருவில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். அறைக் கதவைச் சாத்தி, தலையணையில் முகத்தை வைத்து மூன்று முறை ஊதினேன். பக்கத்து வீட்டு மாமி அம்மாவைக் கூப்பிட்டு, மூணு விசில் ஆயிடுத்து, குக்கரை இறக்கலையா என்று கேட்டார்.

அந்த வாரம் நூலக ஊழியர்கள் பொன்முடி மலைக்குப் போனோம். வழியில் கல்லாற்றில் வண்டி நின்றது. ஆற்றுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்து ஒரு பாறைக்குப் பின்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, முழு மூச்சையும் விட்டு ஊதினேன். கண்ணைத் திறந்தபோது தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்த இருபது சுற்றுலாப் பயணிகளும் பேசாமல் கரையேறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, ஆழத்துக்குப் போகவில்லை மேடம் என்று விளக்கம் வேறு சொன்னார். வாழ்க்கையில் முதல் முறையாக என் சொல்லுக்கு நாலு பேர் கட்டுப்பட்டது அன்றைக்குத்தான். அதுவும் நான் ஒன்றும் சொல்லாமலே. குளிரில் நடுங்கியவர்கள் நேராக அங்கிருந்த சாயாக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கெட்டிலோடு என்னிடம் வந்தார். “தினமும் ஒரு பத்து மணிக்கு வந்து ஊத முடியுமா? நான் எத்தனை விளிச்சாலும் ஒருத்தனும் ஏறி வரமாட்டான்.”

இடமா, வலமா

சத்தம் வந்துவிட்டது. இரண்டாவது ஆட்டத்தில் திசை போய்விட்டது.

அம்பயர் விசில் ஊதினால் மட்டும் போதாது. பந்து யாருக்கு என்று கை காட்ட வேண்டும். பேர் சொல்வதில்லை, அந்த அணி எந்தப் பக்கம் கோல் போடப் போகிறதோ அந்தப் பக்கம் கையை நீட்ட வேண்டும். பாதி ஆட்டம் முடிந்ததும் அணிகள் பக்கம் மாறும். அணிகள் மாறின. நான் மாறவில்லை. வெள்ளை பனியன்காரர்களுக்குச் சேர வேண்டிய பந்துக்கு, பழைய ஞாபகத்தில் மறுபக்கம் கை காட்டினேன். எதிரணியில் ஒருவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். நான் தைரியமாகக் கையை இன்னும் விறைப்பாக வைத்துக்கொண்டேன். சந்தேகம் தீர்ந்தவன் பந்தை எடுத்துக்கொண்டு போனான். கோல்.

வெள்ளை அணியின் கேப்டன் வேணு மாஷ், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நாற்பத்தைந்து வயதில் தடுப்பாட்டக்காரர், செம்மண் மைதானத்திலும் வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு ஆடுகிறவர். முப்பது வயதுக்குக் குறைந்த பெண்கள் எல்லோரும் அவருக்குக் ‘குட்டி’. ஆட்டம் முடிந்ததும் அட்டையை நீட்டினேன். அவர் கையெழுத்துப் போடவில்லை. அவர் மேல் தவறில்லை. நான் அவர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன், தெளிவாக, இரண்டு முறை. மாஷ் பேனாவை மூடிப் பையில் செருகினார். “மன்னிப்புக் கேக்கும்போது மட்டும் குட்டி சரியான பக்கம் பாத்துக் கேக்குது.”

தாய்மொழி

ஏழில் ஒன்று போயிற்று. இனி எதையும் விட முடியாது. அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன்: கைக்கடிகாரம் கட்டிய கை, முதலில் பந்து எடுக்கும் அணி கோல் போட வேண்டிய பக்கம். பாதி ஆட்டத்தில் கடிகாரத்தை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொள்வேன். எனக்கு இரண்டு கையிலும் மணி பார்க்கும் பழக்கம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது ஆட்டத்தில் நீல பனியன் அணிக்கு இசக்கி என்று ஒரு முன்கள ஆட்டக்காரன் வந்தான். பழவங்காடிப் பக்கம் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர், ஊர் வள்ளியூர் பக்கம். மணிக்கட்டு வேலை இரண்டு தொழிலுக்கும் பொது என்பது அவன் ஆட்டத்தைப் பார்த்தால் தெரியும். நான் ஊதும்போதெல்லாம் என்னைப் பார்த்து நன்றாகச் சிரிப்பான். சிரித்துக்கொண்டே தமிழில் என் கண்ணையும் படிப்பையும், பிறகு வம்சத்தையும் விசாரிப்பான். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் மலையாளிகள். ஏதோ பாராட்டுகிறான் என்று மறுபாதியில் நின்ற ஜேக்கப் சார் தூரத்திலிருந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வம்சம் இரண்டாம் முறை வந்தபோது பச்சைக் கார்டை எடுத்தேன். அது கிடைத்தால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். எந்து பற்றி சேச்சி, என்ன ஆச்சு அக்கா, என்று அவன் மலையாளத்தில் அப்பாவியாகக் கேட்டான். அவன் சொன்னதில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும், எழுதக்கூடிய ஒன்றாகப் பார்த்து, தாழ்ந்த குரலில் அவனிடம் திருப்பிச் சொன்னேன். அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. “யக்கா, நீங்க தமிழா? மொதல்லயே சொல்லியிருந்தா மலையாளத்துல திட்டியிருப்பம்லா” என்றான். போய் உட்கார்ந்தான். இரண்டு நிமிடத்துக்குப் பதிலாக மூன்று நிமிடம் உட்கார்ந்தான். அவன் கேப்டன் போய்க் கூப்பிட்டதும்தான் வந்தான்.

கயிறு

நான்காவது ஆட்டத்துக்குக் கோடு போடும் முறை எங்கள் கிளப்புக்கு வந்தது. கோலுக்கு முன்னால் ‘டி’ என்று ஒரு அரைவட்டம் உண்டு. அதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். அண்ணாச்சி தன் கடைக் கயிறால் ஒரு பக்கம் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டார். மழை வந்தது. மழை நின்ற பிறகு அதே கயிறால் மறுபக்கம் போட்டார். தேங்காய் நார்க் கயிறு நனைந்தால் சுருங்கும். அது திருவனந்தபுரத்தில் யாரைவிடவும் அவருக்குத்தான் நன்றாகத் தெரிய வேண்டும்.

காலடி வைத்து அளந்து பார்த்தேன். அந்தப் பக்கம் பதினாறு, இந்தப் பக்கம் பதினைந்து. ஆட்டத்தை நிறுத்தி வைத்து, கோட்டை அழித்து மறுபடி போடச் சொன்னேன். என் சொந்தச் செயலாளரிடம் நான் சொன்ன முதல் கட்டளை அது. பாதி சைகையில்தான் சொன்னேன். அண்ணாச்சி நனைந்த கயிற்றை நீவிக்கொண்டே என்னைப் பார்த்தார். “செஞ்சது நானா மோளே? மழைக்கு ஒரு பச்சைக் கார்டு காட்டு” என்றார்.

வெள்ளை சாக்ஸ்

ஐந்தும் ஆறும் சண்டை இல்லாமல் போயின. அட்டையில் ஐந்து கட்டங்கள் நிறைந்தன. மிச்சம் ஒரு கட்டம், மிச்சம் ஒரு ஆட்டம். அதை ஆடியவர்கள் வேணு மாஷின் வெள்ளை அணியும் இசக்கியின் நீல அணியும். மாஷ் அணிக்குத் தோற்காமல் இருந்தால் போதும், கோப்பை. எங்கள் கிளப் முழுக்க வேலிக்கு வெளியே வந்து நின்றது. ஆட்டத்துக்கு முன்னால் அண்ணாச்சி என்னைத் தனியாக அழைத்து, மாஷுக்கு எதிராக அதிகம் ஊத வேண்டாம் என்றும், பேசாமல் இருப்பது எனக்கு இயல்பாக வருகிற விஷயம்தானே என்றும் சொன்னார். ஒரு வகையில் அது உண்மை.

கடைசி நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. காலையில் பெய்த மழையில் மைதானம் குழம்பாக இருந்தது. இசக்கி என் பாதியில் டிக்குள் புகுந்து அடித்தான். பந்து ஒரு கூட்டத்துக்குள் போய் மாஷின் இடது கணுக்காலில் பட்டுத் திரும்பியது. டிக்குள் தடுப்பவர் காலில் பந்து பட்டால் பெனால்டி கார்னர், அநேகமாக ஒரு கோலுக்குச் சமம். கூட்டத்தில் மறைந்ததால் வேறு யாரும் பார்க்கவில்லை. இசக்கிகூடக் கேட்கவில்லை. மாஷ் என்னைப் பார்த்தார். நான் மாஷைப் பார்த்தேன். ஊதாமல் இருந்தால் அட்டை நிறையும், இருபது பேருக்கு ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைக்கும். கூச்சப்படுகிறவர்கள் உங்களுக்குத் தெரியும், பேசாமல் இருப்பதற்கு நமக்குக் காரணமே தேவைப்படாது. அன்று ஒரு காரணமும் இருந்தது.

கல்லாற்றில் ஊதியது போல ஊதியிருக்க வேண்டும். பக்கத்துச் சாலையில் ஒரு ஆட்டோ நின்றது.

இரண்டு கையையும் கோலை நோக்கி நீட்டினேன். வெள்ளை அணி என்னைச் சூழ்ந்துகொண்டது. காலில் படவே இல்லை என்றார் மாஷ். ஜேக்கப் சாரைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்து, அது அந்தக் குட்டியின் பாதி, அவள் தீர்மானம் என்றார். வேலிக்கு வெளியே அண்ணாச்சி மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். கார்னர் எடுத்தார்கள். இசக்கி மணிக்கட்டைத் திருப்பினான். கோல். ஆட்டம் முடிந்தது.

நீல அணிக் கேப்டன் நான் நீட்டும் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார். மாஷ் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். இடது சாக்ஸில், கணுக்காலுக்கு மேலே, ஒரு ஹாக்கிப் பந்தின் அளவில் வட்டமாகச் செம்மண். நானும் அதைப் பார்த்தேன், அவரும் அதைப் பார்த்தார். அட்டையைக் கொடுத்துவிட்டு நின்றேன். விடைத்தாள் திருத்துகிற நிதானத்தோடு மேலிருந்து கீழ் வரை படித்தார். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, அட்டையை என் கையில் கொடுத்துவிட்டுச் சாக்ஸை உருட்டிப் பைக்குள் வைத்தார். எழுதியிருந்தது இதுதான்: “என் காலில் படவில்லை. திசை சரி.”

அண்ணாச்சியின் நிம்மதி

அட்டையை அண்ணாச்சி இரண்டு முறை வாசித்து, ஈரக் கைபட்டு அழியக் கூடாது என்று மார்போடு பிடித்துக்கொண்டார். அடுத்த சீசனுக்கு இடம் உறுதி. எல்லோருக்கும் சாயா சொன்னார்கள். என்னையும் ஏதாவது பேசச் சொன்னார்கள்; நான் இரண்டாவது சாயா வேண்டாம் என்று மட்டும் சொன்னேன், அது கேட்காமல் இரண்டாவது சாயாவும் வந்தது. அண்ணாச்சி ஏதோ யோசனையில் இருந்தார். கோல்கீப்பராக அவர் டிக்குள் செய்கிற காரியங்களை ஸ்கோர் மேசையிலிருந்து மூன்று வருடமாகப் பார்த்து வருகிறவள் நான். கடைசியில் கண்ணாடித் தம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார். “நம்ம கிளப் மேட்சுக்கு நீ ஊதக் கூடாதுன்னு ஒரு ரூல் இருக்குல்லா? அதை எழுதுனவன் நல்லா இருக்கட்டும்.”

இதைப் படித்துவிட்டு எனக்குக் குரல் வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்: பஸ்ஸில் இப்போதும் அடுத்த ஸ்டாப்பில்தான் இறங்குகிறேன், பையில் விசில் இருக்கிறது என்ற தைரியத்தோடு இறங்குகிறேன், அவ்வளவுதான்.